நடு அடுக்கின் வேலை
இணைய வரலாறு பேசுகிறவர்கள் பெரும்பாலும் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கோ, 1986-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நொடிக்கு வெறும் 56 கிலோபிட் வேகத்தில் தொடங்கிய என்எஸ்எஃப்நெட் என்ற கணினிப் பிணையம்தான் சுவையான கதை. பெரும்பாலான கல்லூரிகளை அது முதன்மைப் பிணையத்தில் நேரடியாகச் சேர்க்காமல், நியூயார்க்கில் நைசர்நெட், தென்கிழக்கு மாநிலங்களில் சுராநெட் போன்ற வட்டாரப் பிணையங்களின் வழியாகவே சேர்த்தது. ஒரு கல்லூரிக்கு இணைப்பு அறுந்துவிட்டால், பழுது வளாகத்து ரூட்டரிலா, தொலைபேசி நிறுவனத்தின் குத்தகைக் கம்பியிலா, முதன்மைப் பிணையத்திலா என்று கண்டறிந்து, "எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது" என்று சாதிக்கும் தரப்புகளைப் பேசவைப்பது நடு அடுக்கான இந்த வட்டாரப் பிணையங்களின் பொறுப்பு. (பெயர் கிடைக்காத வேலை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?) வட்டாரப் பிணையங்கள் உறுப்புக் கட்டணம் வசூலித்துச் சொந்தக் காலில் நிற்கப் பழகியதால்தான், 1995 ஏப்ரலில் முதன்மைப் பிணையம் நிறுத்தப்பட்டபோதும் கல்லூரிகள் துண்டிக்கப்படவில்லை என்பது என் கணிப்பு, நைசர்நெட் இன்றும் இயங்குகிறது.