பிளாஸ்டிக் எடுக்கத்தானே?

"எதுக்குப் போறோம்?" என்று அண்ணன் கேட்டார். படகு ஓட்டுபவர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டதேயில்லை. "பிளாஸ்டிக் எடுக்க" என்றேன். என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். "சரி, பிளாஸ்டிக் எடுக்கத்தானே" என்றபடி நியூட்ரலில் கிடந்த என்ஜினை கியரில் போட்டார்.

அவ்வளவுதான் பேச்சு. எட்டு மாதம் ஆகிறது. அந்த 'தானே' மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

திமிங்கலம் பார்க்க வரும் பயணிகளுக்கு நூறு மீட்டர் விதியைத் தினமும் காலையில் சொல்வது நான்தான். நூறு மீட்டருக்குள் போகமாட்டோம், முந்நூறிலிருந்தே வேகத்தைக் குறைப்போம், முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ நெருங்காமல் பக்கவாட்டில் இணையாகத்தான் போவோம், தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் புகவே மாட்டோம். கூடவே 2018-இல் இந்தோனேசியாவின் வக்காடோபியில் செத்து ஒதுங்கிய ஸ்பெர்ம் திமிங்கலத்தைப் பற்றியும் சொல்வேன். வயிற்றில் கிட்டத்தட்ட ஆறு கிலோ பிளாஸ்டிக். அதில் கப் மட்டும் 115, இரண்டு ரப்பர் செருப்பு. செருப்பு என்றதும் சிரிக்க வாயெடுப்பவர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அந்த இடத்தில் நான் சற்று இடைவெளி விடுவேன். பழகிய வித்தை, வேறென்ன.

அன்று கிடைத்ததும் ஸ்பெர்ம் திமிங்கலம்தான், தாயும் குட்டியும். தாய் மேலே மிதந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மற்ற திமிங்கலங்களுக்கு நேராக மேலே எழும் மூச்சுப் பீச்சல் இதற்கு மட்டும் முன்பக்கம் இடப்புறமாகச் சாய்ந்து வரும்; தூரத்திலிருந்தே இனம் சொல்லிவிடலாம். நாங்கள் ஒழுங்காக நூறில் நின்றோம். வேறு இரண்டு படகுகள் எங்களுக்கும் பின்னால் காத்திருந்தன.

முன்வரிசையில் கண்பார்வை மங்கிய ஒரு அம்மா. மகன் தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார். "கறுப்பா ஒரு கோடு தெரியுது, அதுதானா தம்பி?" என்று என்னைக் கேட்டார். ஆமாம்மா என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. கிட்டப் போகச் சொல்லி அவர் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்வது எனக்கு எளிது, தினமும் பத்துப் பேரிடம் சொல்வதுதான்.

அப்போதுதான் அந்தத் தாள் கண்ணில் பட்டது. கட்டில் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாள், எங்களுக்கும் தாய்க்கும் நடுவே, தாய்ப்பக்கமாகவே மிதந்தது. குட்டி அதைச் சுற்றி வந்தது என்று இதுவரை கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் குட்டி தாயின் மறுபக்கத்தில் இருந்தது. ஒரு தடவை இந்தப் பக்கம் வந்து போனது. சுற்றி வந்தது என்பது நான் பிறகு சேர்த்ததாக இருக்கலாம்.

மெதுவாகத்தான் போனோம். கொக்கிக் கம்பை நான் நீட்டி, தாளின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கும்போது தாய் அமிழ்ந்தது. வாலைத் தூக்கவில்லை. ஆழத்துக்கு இரை தேடப் போகும் ஸ்பெர்ம் திமிங்கலம் முதுகை வளைத்து, வாலை முழுசாக வானத்துக்குத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போகும். இது அப்படியே நின்ற இடத்தில் இறங்கியது, யாரோ வந்ததைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொள்வது போல. குட்டியும் பின்னாலேயே. படகில் எல்லோரும் கைதட்டினார்கள், எனக்காக.

நாங்கள் நகர்ந்ததும் காத்திருந்த இரண்டு படகுகளும் நகர்ந்திருந்தன. அவர்கள் பிளாஸ்டிக்கைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒரு படகு கிட்டப் போகிறது என்பதைத்தான் பார்த்திருப்பார்கள்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளின் அடியில் நீண்ட கழுத்து வைத்த கொட்டலசுகள், மிதக்கும் பொருள்களில் ஒட்டி வளரும் ஓடு மூடிய சின்ன உயிர்கள், கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. அப்படி ஒட்டிப் பாரம் ஏறிய பிளாஸ்டிக் ஒருநாள் மூழ்கும். ஸ்பெர்ம் திமிங்கலம் கணவாய் தேடுவது வெளிச்சமே இல்லாத ஆழத்தில், எதிரொலியை வைத்து. மேலே மிதக்கும்போது நமக்குக் குப்பையாகத் தெரிவது அங்கே அதற்கு இரையாகத் தோன்றலாம். ஆக, எடுத்தது சரி. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் பத்து நிமிடம் காத்திருந்திருக்கலாம். அதற்குள் தாய் மூச்சு நிரப்பி முடித்து, வாலைத் தூக்கி, முக்கால் மணி நேரத்துக்கு ஆழத்துக்குப் போயிருக்கும். அதன்பின் குட்டி விலகும்வரை பொறுத்திருந்து, போய் எடுத்திருக்கலாம். தாள் எங்கேயும் ஓடிவிடாது. இது எனக்கு அப்போதே தெரியும். 'எதுக்குப் போறோம்' என்று அண்ணன் கேட்டது இதைத்தான் என்பதும் தெரியும்.

அப்படியானால் அந்த அம்மாவுக்காகவா போனேன்? அப்படிச் சொல்லிக்கொள்ளவும் தயக்கமாக இருக்கிறது, அது கொஞ்சம் அழகான காரணமாகப் போய்விடும். திரும்பும் வழியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத் தெரிஞ்சுது தம்பி, மூச்சு விடுற சத்தம்கூடக் கேட்டுது" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். ஒருவருக்கு நன்றாகத் தெரிந்தது என்பதற்காக மீறலாம் என்றால், அடுத்த நாள் யாருக்கு முடியாது என்பேன்? ஒவ்வொரு படகிலும் ஒரு அம்மா இருப்பார். இல்லாவிட்டால் ஒரு குழந்தை இருக்கும்.

தாளைத் தளத்தில் விரித்தபோது மடிப்பிலிருந்து நகக்கண் அளவு நண்டு ஒன்று இறங்கி, போக்கிடம் தெரியாமல் என் செருப்பு ஓரமாக நடந்தது. எடுத்துக் கடலில் போட்டேன். ஒண்ட இடமில்லாத நடுக்கடலில் அது என்ன செய்திருக்கும் என்று அன்று தோன்றவில்லை.

கரைக்கு வந்ததும் பதிவேடு. குறிப்புக் கட்டத்தில் 'பிளாஸ்டிக் அகற்றப்பட்டது' என்று எழுதினேன். 'மிகக் குறைந்த தூரம்' என்ற கட்டத்தில் 100 என்று எழுதினேன். நாற்பதுக்கு மேல் இருக்காது. கை தானாக எழுதிவிட்டது என்று சொல்லலாம். தினமும் எழுதுகிற எண்தான். 2010 என்ற ஒரே வருடத்தில் 48 லட்சத்திலிருந்து 127 லட்சம் டன் வரை பிளாஸ்டிக் கடலுக்குப் போயிருக்கும் என்பது மதிப்பீடு. அதில் நான் ஒரு தாளைக் குறைத்து, ஒரு எண்ணைக் கூட்டியிருக்கிறேன்.

தாளோடு நான் நிற்கும் படம் இப்போது அலுவலகச் சுவரில் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டுகிறார்கள். என் தோளுக்குப் பின்னால் தண்ணீரில் எண்ணெய் தடவினாற்போல் வழவழவென்று ஒரு வட்டம் தெரியும். திமிங்கலம் அமிழ்ந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்கும் தடம் அது. தூரம் கணக்குப் போடத் தெரிந்தவர் பார்த்தால் பதிவேடு பொய் என்று புரிந்துவிடும். இதுவரை யாரும் கேட்கவில்லை. அண்ணன் அந்தப் படத்தைக் கடந்துதான் தினமும் சாவி எடுக்கப் போகிறார், அவரும் எதுவும் சொன்னதில்லை.

போன வாரம் ஒரு திமிங்கலத்தின் பக்கத்தில் வெள்ளையாக எதுவோ மிதந்தது. அண்ணன் என்னைப் பார்த்து, "பிளாஸ்டிக் மாதிரி இருக்கு, எடுக்கணுமா?" என்றார். குரலில் கிண்டல் இருந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

"நுரைதான் அண்ணே" என்றேன். அப்புறம்தான் பைனாகுலரை எடுத்தேன்.