அரைப்பேரும் மேனிங்ஹாம் கிளப்பும்

முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ரக்பியில் யூனியன், லீக் என்று இரண்டு வகை உண்டு என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அக்கா மகள் வடக்கு இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டில் நர்ஸ். அவள் பையன் பக்கத்தில் உள்ள ஒரு அமெச்சூர் லீக் கிளப்பில் சேர்ந்திருக்கிறான். ஞாயிறானால் சேறு அப்பிய முகத்தோடு வீடியோ காலில் வந்து, "தாத்தா, ஆறு தடவை பிடிபட்டா பந்தை அவங்ககிட்ட குடுத்துடணும்" என்று விதி சொல்லிக் கொடுப்பான். சரி, இது என்ன ஆட்டம் என்று தேடப் போய், அதே ஊரில் இருந்த மேனிங்ஹாம் என்ற பழைய கிளப்பில் வந்து மாட்டிக்கொண்டேன்.

அதற்கு முன்னால் எங்கள் ஊர்க் கதை கொஞ்சம். கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைனில் வளர்ந்தவன் நான், சிலோனிலிருந்து வந்த குடும்பம். எஸ்டேட்டில் சனிக்கிழமையும் முழு வேலை நாள்தான். குன்னூரில் சனிக்கிழமை ஃபுட்பால் மேட்ச் என்றால், பஸ் பிடிக்கப் பதினோரு மணிக்கே இறங்கியாக வேண்டும், அப்புறம் சம்பள நாளில் பார்த்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான், விழுந்திருக்கும். எங்கள் கோல்கீப்பர் அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள். நல்ல கை அவருக்கு, ஆனால் வெளியூர் மேட்ச் என்றால் வரமாட்டார். ஊரில் அவருக்குப் பயந்தாங்கொள்ளி என்று பேர். நாங்களும் சிரித்திருக்கிறோம்.

வடக்கு இங்கிலாந்தில் ரக்பி இரண்டாகப் பிளந்ததே இந்த அரைப்பேர் சண்டையில்தான். ஆலைகளிலும் சுரங்கங்களிலும் சனிக்கிழமை மதியம் வரைக்கும் வேலை, வெளியூர் ஆட்டத்துக்குப் போகிறவனுக்குக் காலைக் கூலி போய்விடும். அந்தக் கூலியை மட்டுமாவது கிளப் ஈடுகட்டட்டும் என்று 1893-இல் வடக்கத்திக்காரர்கள் கேட்டார்கள். ரக்பியை நடத்திய யூனியன் என்ற சங்கம் லண்டனில் கூடியபோது 136 ஓட்டு ஆதரவு, 282 எதிர்ப்பு. காசு வாங்கினால் ஆட்டத்தின் மானம் போய்விடுமாம்! சொன்னவர்களில் பலர் கூலி என்ற ஒன்றையே வாங்கிப் பார்க்காதவர்கள், இதை நான் கோபமாகத்தான் எழுதுகிறேன். இரண்டு வருஷம் கழித்து, 1895 ஆகஸ்ட் 29 அன்று, ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் 20-க்கும் மேற்பட்ட கிளப்புகள் கூடி, போதும் என்று தனிச் சங்கமாகப் போய்விட்டன. பின்னால் லீக் ஆனது இதுதான். நாளுக்கு அதிகபட்சம் 6 ஷில்லிங், அதுவும் இழந்த வேலைக்கு மட்டும். சம்பளம் வாங்கி ஆடுவது அங்கேயும் தடைதான். மூன்று வருஷம் கழித்து 1898-இல் சம்பளத்தை அனுமதித்தபோதுகூட, ஆடுகிறவனுக்கு வெளியே ஒழுங்கான வேலை ஒன்று இருக்க வேண்டும் என்றார்கள், பில்லியர்ட்ஸ் மேசையில் ஸ்கோர் குறிப்பது ஒழுங்கான வேலைக் கணக்கில் சேராது என்றும் எழுதி வைத்தார்கள். பில்லியர்ட்ஸ் மேசையில் ஆடும் ஸ்னூக்கருக்கு விதியை எழுதி ஒட்டிய ஊட்டி கிளப் இருக்கிற மலைக்காரனுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்.

மேனிங்ஹாம் அந்தக் கூட்டத்தில் சும்மா போய் உட்கார்ந்த கிளப் இல்லை. பிராட்ஃபோர்டில் அந்தப் பகுதி முழுக்க லிஸ்டர் பட்டு ஆலையின் நிழல். 1890 டிசம்பரில் ஆலையில் கூலியைக் குறைக்க, ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஏப்ரல் வரைக்கும் குளிரில் இழுத்துப் பிடித்து, கடைசியில் தோற்றுத்தான் திரும்பினார்கள். அந்தத் தோல்வியின் சூட்டில்தான் 1893-இல் அதே ஊரில் சுதந்திரத் தொழிலாளர் கட்சி பிறந்தது. அப்படிப்பட்ட ஊரில் அரைநாள் கூலி என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

புதுச் சங்கத்தின் முதல் சீசனில் கிளப்புக்கு 42 ஆட்டம். கடைசியில் ஹாலிஃபாக்ஸை ஒரே ஒரு புள்ளியில் பின்னுக்குத் தள்ளி, 1896-இல் முதல் சாம்பியன் ஆனது மேனிங்ஹாம்தான். பணக்கார கிளப் இல்லை, சம்பள ஆட்டக்காரர்களும் இல்லை.

அதற்கப்புறம் இறங்குமுகம். பெரிய கிளப்புகளோடு செலவில் போட்டி போட முடியவில்லை, கடன் ஏறியது. 1903 கோடையில் வில்வித்தைப் போட்டி வைத்துப் பணம் திரட்டினார்கள். நம்மூரில் டீமுக்கு ஜெர்சி வாங்கக் குலுக்கல் சீட்டு விற்ற மாதிரி! பணம் சேர்ந்ததும், அதைக் கொண்டு ரக்பியைக் காப்பாற்றாமல் ஃபுட்பாலுக்கே மாறிவிட்டார்கள், பேரும் பிராட்ஃபோர்ட் சிட்டி ஆகிவிட்டது. ஒரு மேட்ச்கூட ஆடாத கிளப்புக்கு ஃபுட்பால் லீக் இடம் கொடுத்தது. ரக்பி கோட்டைக்குள் நுழைய ஃபுட்பால் லீக்குக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது. 1911-இல் பிராட்ஃபோர்ட் சிட்டி இங்கிலாந்து ஃபுட்பாலின் எஃப்.ஏ. கோப்பையையே வென்றது. மேனிங்ஹாம் ஆடிய அதே வேலி பரேட் மைதானத்தில்தான் 1985-இல் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள்.

அணிக்கு 13 பேர், பிடிபட்டவன் எழுந்து பந்தைக் காலால் பின்னே தள்ளுவது, இதெல்லாம் 1906-இல் வந்தவை. ஆக, லீக்கின் முதல் சாம்பியன் இன்றைய லீக் ஆட்டத்தை ஆடியதே இல்லை. கிளப் ஃபுட்பாலுக்கு மாறியது துரோகம் என்று பழைய ரசிகர்கள் சிலர் திட்டியிருப்பார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிளப் செத்துப்போவதைவிட ஆட்டம் மாறுவது மேல். யூனியன்காரர்கள் என்ன ஆனார்கள் என்றால், 1995 ஆகஸ்டில், சரியாக நூறு வருஷம் கழித்து, காசு வாங்கி ஆடலாம் என்று அவர்களே அறிவித்துவிட்டார்கள். 6 ஷில்லிங்குக்கு அவ்வளவு ஆட்டம் போட்டவர்கள்.

பையன் ஆடும் கிளப்பில் யாருக்கும் சம்பளம் கிடையாது. கோடு போடுவதிலிருந்து டீ போடுவது வரை அப்பா அம்மாக்கள்தான். இந்த மாதிரி கிளப்புகளைக் கவனிக்க ஆளில்லாமல் கிடந்தபோது, 1973-இல் அதே ஹடர்ஸ்ஃபீல்டில்தான் அமெச்சூர்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். அங்கே சின்ன கிளப்புகள் பலவும் பழைய ஸ்கோர், கணக்கு, குரூப் ஃபோட்டோ எல்லாம் எடுத்து வைத்திருக்கின்றன. நம் எஸ்டேட் டீம்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் யார் வீட்டிலாவது பழைய டீம் ஃபோட்டோவோ வசூல் நோட்டோ இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானே வந்து பார்த்து நகல் எடுத்துக்கொள்கிறேன்.