கதிரை போட்டுச் சமைக்கிறேன்

வலது கண் மங்கி, எம்.ஆர்.ஐ. எடுத்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் என்று பெயர் தெரிந்த பிறகும் எனக்குப் பிடிபடாமல் இருந்தது அலுப்புத்தான். கண் சில கிழமைகளில் தெளிந்துவிட்டது. அலுப்பு போகவில்லை. எட்டு மணித்தியாலம் நித்திரை கொண்டு எழும்பினாலும், பத்து மணி வகுப்பில் சோக்கட்டியைத் தூக்க ஏலாது. "பார்க்க நல்லாத்தானே இருக்கிறாய் பிள்ளை" என்பார் மாமி. குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் சுள்ளென்றிருக்கும்.

முதலில் லீவு போட்டு முழு நாளும் படுத்தேன். இரண்டு மாதத்தில் கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு வாங்கியது. பிறகு ஒரு வைகாசி மத்தியானம், ரோசத்தில் சைக்கிளை எடுத்துக் கோண்டாவில் வரை மிதித்தேன். திரும்பி வந்து இறங்கும்போது கண் மறுபடி மங்கல். நோய் திரும்பிவிட்டதென்று அழுதே விட்டேன். ஃபேனுக்குக் கீழே அரை மணித்தியாலம் இருக்க, பார்வை தானாக வந்தது.

எனக்குப் பிசியோதெரபி செய்துவிடுகிற தங்கச்சிதான் காரணம் சொன்னார். நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை பழுதான இடத்தில், உடம்புச் சூடு அரைப் பாகை ஏறினாலே செய்தி தடுமாறுமாம். சூடு தணிந்தால் சரியாகும். புதிதாக ஒன்றும் பழுதாவதில்லை. உடம்பை அலட்டினால் இப்படிப் பார்வை மங்குவதை ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் வைத்தியர் 1890இலேயே எழுதியிருக்கிறார். எனக்கு முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த அழுகை மிச்சம்.

அலுப்பைத் தரக்கூடிய இரத்தசோகை, தைரொயிட் குறை இரண்டும் இல்லையென்று பார்த்த பிறகு, இரண்டு கிழமை கொப்பி எழுதச் சொன்னார். எத்தனை மணிக்கு என்ன வேலை, அலுப்பு பத்துக்கு எத்தனை. நான் பள்ளிக்கூடத்தைத்தான் குற்றவாளி என்று நினைத்திருந்தேன். கொப்பியைப் பார்த்தால், விடிய ஐந்தரைக்குக் குசினியில் நின்று புட்டவித்த நாளெல்லாம் அலுப்பு எட்டு. பாண் வாங்கிய நாளில் அலுப்பு நாலுதான். அம்மம்மா திருவலையில் இருந்துதான் தேங்காய் திருவினார், மரக்கறியும் இருந்துதான் வெட்டினார். காஸ் அடுப்பு வந்துதான் எங்களை எழுப்பி நிற்கவைத்தது. உயரமான கதிரை ஒன்றை அடுப்படியில் போட்டேன்.

தங்கச்சி சொன்ன பயிற்சி ஐந்து நிமிட நடையில் தொடங்கியது. வெட்கமாகத்தான் இருந்தது. விடிய ஆறு மணி, பண்ணைக் கடற்கரை, கழுத்தில் ஐஸ் தண்ணீரில் நனைத்த துவாய். கதைத்துக்கொண்டே நடக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது, அதுதான் அளவு. இன்னும் கொஞ்சம் ஏலும் என்னும்போதே நிற்பாட்ட வேண்டும். எனக்கு இதுதான் ஆகக் கஷ்டம். மறுநாளும் அலுப்பு மிஞ்சினால் நிமிடத்தைக் குறைப்பது. நடுவில் ஒரு காய்ச்சல் வந்து எல்லாவற்றையும் பூச்சியத்துக்குக் கொண்டுபோனது. இப்போது கிழமைக்கு இரண்டு நாள் அரை மணித்தியாலம் நடை. வேறு இரண்டு நாள் கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பதும் ரப்பர் பட்டி இழுப்பதும். அலுப்பு போய்விடவில்லை. எட்டு வருகிற நாட்கள் குறைந்திருக்கின்றன.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் போகிறவர் மாமி. இந்த முறை நான் ஒரு பின்னேரத் திருவிழாவுக்கு மட்டும் போனேன், தேருக்குப் போகவில்லை. தேர் முடிந்து வந்த மாமி வாசலிலேயே கேட்டார்:

"இண்டைக்கு எத்தனை பிள்ளை?"

"மூண்டு மாமி."

"அப்ப, இருந்துகொண்டு தேங்காயைத் திருவு. நான் கால் கழுவிப்போட்டு வாறன்."