எடை மெஷின் காரில் இருக்கிறது

எங்கள் வீட்டில் யாருக்காவது எடை பார்க்க வேண்டுமென்றால் கராஜுக்குத்தான் போக வேண்டும். மெஷின் கார் டிக்கியில், பழைய பெட்ஷீட் ஒன்றில் சுற்றிக் கிடக்கும். வாங்கியது என்னவோ எனக்குத்தான், சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்ற வருஷம். ஆனால் மூன்று வருடமாக அதில் ஏறி நிற்பது எங்கள் கேம்பர் டிரெய்லரின் மூக்கு.

நான் அடிலெய்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். வயது 54. நாற்பத்தெட்டு வயது வரை கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. திருச்சியில் வளர்ந்த எனக்கு கோல்ஃப் என்றால் டிவியில் சேனல் மாற்றும்போது நடுவில் வந்து போகும் பச்சை நிறம், அவ்வளவுதான். கொரோனா காலத்தில் கூட வேலை செய்யும் தோழி ஒருத்தி, வெளியே காற்றாட நடக்கலாம் வா என்று கூட்டிப் போனாள். நடக்கத்தான் போனேன். முதல் நாள் பதினைந்து முறை காற்றை அடித்தேன், பதினாறாவது முறை பந்து எழும்பியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது என் ஹேண்டிகேப் 34. விளங்காதவர்களுக்கு: நல்ல ஆட்டக்காரர் பந்தை 72 தடவை அடித்து முடிக்கிற மைதானத்தை நான் சுமார் 106 தடவை அடித்து முடித்தால் அன்று எனக்கு நல்ல நாள். கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-ஐ எடுத்து இந்த எண்ணைப் போடுகிறார்கள். உச்சவரம்பு 54. ஆகவே எனக்குக் கீழேயும் ஆட்கள் இருக்கிறார்கள், தைரியமாகப் போட்டிக்குப் போகலாம்.

போட்டி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தெற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை விளையும் சின்னச் சின்ன ஊர்களில்கூட ஒரு கோல்ஃப் கிளப் இருக்கும். வருஷத்தில் ஒரு வார இறுதியில் வெளியூர்க்காரர்களையும் சேர்த்து 'ஓபன்' நடத்துவார்கள். பெரும்பாலும் குளிர்காலத்தில். கோடையில் அங்கே தரை வெடித்துக் கிடக்கும், வெயில் நாற்பதைத் தாண்டும், பாம்பு வேறு. தங்க இடம்தான் பிரச்சினை. ஊரில் ஒரே ஒரு மோட்டல் இருக்கும், அதன் எட்டு அறையையும் யாரோ கல்யாணத்துக்குப் பிடித்து வைத்திருப்பார்கள். நாலு மணி நேரம் காரோட்டிப் போய், இறங்கிய கையோடு ஆடினால் முதுகு மட்டையைவிட விறைப்பாக இருக்கும். அதனால்தான் இந்த டிரெய்லர். பழையது, கான்வாஸ் கூடாரம் மடிந்து உட்காரும் வகை. பின்னால் இழுத்தால் சின்ன அடுப்படி வரும்.

என் வீட்டுக்காரர் கோல்ஃப் ஆட மாட்டார். பெல் (BHEL) நிறுவனத்தில் இருபது வருஷம் இன்ஜினியராக இருந்தவர். டிரெய்லர் வந்த அன்றே அதன் ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு நோட்டில் பக்கம் ஒதுக்கிவிட்டார். அவர் துறை டிரெய்லர், சமையல். என் துறை ஓட்டுவது, ஆடுவது.

முதல் பயணத்திலேயே ஒரு பாடம். சாமான் ஏற்றியது அவர்தான். (இதை நான் எழுதுவது அவருக்குத் தெரியும்.) கோல்ஃப் பை, தள்ளுவண்டி, இருபது லிட்டர் தண்ணீர் கேன் மூன்று, எல்லாவற்றையும் எடுக்க வசதி என்று டிரெய்லரின் பின்பக்கம் அடுக்கிவிட்டார். போர்ட் அகஸ்டா தாண்டி ஐர் நெடுஞ்சாலையில் திரும்பினோம். எதிரே ரோடு டிரெயின் வந்தது. ஒரு லாரி இரண்டு பெரிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு, முப்பத்தைந்து மீட்டருக்கு மேல் நீளம். அது கடந்து போன காற்றில் எங்கள் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. முதலில் மெல்ல. அப்புறம் கண்ணாடியில் ஒரு முறை இடதுபக்கம் தெரிகிறது, மறுமுறை வலதுபக்கம். காரின் பிருஷ்டத்தைப் பிடித்து யாரோ உலுக்குகிற மாதிரி.

"பிரேக்கைத் தொடாதம்மா, தொடாத!" என்று கத்தினார். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தேன். அவர் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற டிரெய்லர் பிரேக் குமிழைக் கையால் அழுத்தினார். டிரெய்லர் மட்டும் பின்னுக்கு இழுபட்டு, நேராகி, அடங்கியது. ஓரம்கட்டி நிறுத்தியபோது என் கால் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் இறங்கிப் போய்ப் பின்பக்கக் கதவைத் திறந்து, ஒன்றும் பேசாமல் தண்ணீர் கேன்களை முன்னால் தூக்கி வைக்க ஆரம்பித்தார்.

விஷயம் எளிது. டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் பத்து சதவீதம் கார்க் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். எங்களுடையது ஏற்றி முடித்தால் 1,200 கிலோ. ஆக 120 கிலோ. அச்சுக்குப் பின்னால் பாரம் ஏற ஏற மூக்கு, அதாவது கொக்கியில் மாட்டும் முன்முனை, லேசாகும், மூக்கு லேசானால் வால் ஆடும். அடுத்த வாரமே என் எடை மெஷின் பறிபோனது. இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் சமதரையில் மெஷினை வைத்து, மேலே ஒரு கட்டையை நிறுத்தி, அதன்மேல் டிரெய்லரின் மூக்கை இறக்குகிறார். 118, 122 என்று நோட்டில் குறிக்கிறார். ஒரு முறை 109 காட்டியது. அரிசி மூட்டையை முன்பெட்டிக்கு மாற்றிய பிறகுதான் கிளம்பினோம். மூன்று நாளைக்கு எதற்கு மூட்டை அரிசி என்று கேட்டேன். "பேலன்ஸுக்கு" என்றார்.

போன ஆகஸ்டு கடைசியில் போன ஊரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஐர் தீபகற்பத்தில், கிம்பாவுக்கும் அப்பால். கிம்பா என்றால் எட்டு மீட்டர் உயரத்தில் ஒரு காலா கிளியின் சிலையை வைத்து, ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடக்க இங்கே பாதி வழி என்று போர்டு மாட்டியிருக்கும் ஊர். தானியக் குதிர்கள்மேல் பிரமாண்டமாக ஓவியம் தீட்டியிருப்பார்கள். அங்கே நிறுத்தி ஒரு காபி. வழி நெடுக இரண்டு பக்கமும் கனோலா பூத்து மஞ்சள். இட்லி மாவுச் சட்டி பின் சீட்டில் வெயில் படும்படி பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. இந்தக் குளிரில் இரவு வெளியே வைத்தால் மாவு பொங்காது. பகலில் கார்க் கண்ணாடி வழியாக விழும் வெயில் போதும், சாயங்காலத்துக்குள் சட்டி விளிம்பைத் தொட்டுவிடும்.

கேரவன் பார்க்கில் ரிவர்ஸ் எடுப்பது தனிக் கூத்து. பெரிய கேரவனைவிடக் குட்டி டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளுவது கஷ்டம். நீளம் குறைந்தது சட்டென்று மடங்கிக்கொள்ளும். ஸ்டியரிங்கை அடிப்பக்கம் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்த வேண்டும். இதைக் கற்க எனக்கு ஒரு சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கும் நான்கு ஞாயிற்றுக்கிழமையும் ஆனது. எனக்கு வழிகாட்டுகிற வீட்டுக்காரரோ திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு கண்டக்டர் மாதிரி. "வா, வா, வா, வரலாம், ஒடி, ரைட்ல ஒடி, உன் ரைட் இல்ல என் ரைட்!" பக்கத்து கேரவன்காரர்கள் எல்லாம் மடக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே எல்லாருக்கும் அதுதான் சாயங்காலப் பொழுதுபோக்கு. அடுத்து யாராவது வந்தால் நாங்களும் அப்படித்தான் பார்ப்போம்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். அந்த ஊர் மைதானத்தில் கிரீன் என்று சொல்லப்படுவது கறுப்பு. தண்ணீர் இல்லாத ஊரில் குழியைச் சுற்றிப் புல் வளர்க்க முடியாது. அதனால் மணலில் கழிவு எண்ணெயைக் கலந்து வட்டமாகப் பரப்பி வைத்திருக்கிறார்கள். காற்றில் பறக்காது, மழையில் கரையாது. பெயர் 'ஸ்கிரேப்'. கிட்டே போனால் மெக்கானிக் ஷெட் வாசனை.

அதில் ஆடும் முறையை அன்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் குழுவில் இருந்த எழுபத்தெட்டு வயதுப் பாட்டி. கோதுமை விவசாயி, கணவர் இறந்த பிறகும் தானே டிராக்டர் ஓட்டுகிறவர். எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார், கோயம்புத்தூர்ப் பக்கம் 'கண்ணு' என்கிற மாதிரி. பந்து கறுப்பு வட்டத்துக்குள் விழுந்ததும் பின்னால் ஒரு காசை வைத்துப் பந்தை எடுத்துவிட வேண்டும். ஓரத்தில் நீளக் கைப்பிடியோடு ஒரு பலகை கிடக்கும், களத்தில் நெல் தள்ளுகிற பலகை மாதிரி. அதைப் பந்து இருந்த இடத்திலிருந்து குழியைத் தாண்டும்வரை ஒரே நேர்க்கோட்டில் இழுக்க வேண்டும். ஒரு முறைதான். மணலில் ஒரு சாண் அகலத்துக்கு மொழுமொழுவென்று பாதை விழும். அந்தப் பாதையில் பந்தை வைத்து உருட்ட வேண்டும். முடிந்ததும் நடுவிலிருந்து வட்டமாகச் சுற்றிச் சுற்றி இழுத்து, நாம் வந்த தடமே தெரியாமல் ஆக்கிவிட்டுப் போக வேண்டும். பாட்டி அதைச் செய்யும்போது மார்கழியில் வாசல் தெளித்துக் கோலத்துக்குத் தரையைத் தயார் செய்கிற மாதிரியே இருந்தது. நான் இழுத்த பாதைகள் எல்லாம் வாய்க்கால் மாதிரி வளைந்தன.

ஆட்டம் ஸ்டேபிள்ஃபோர்டு. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற ஆங்கிலேய டாக்டர் புண்ணியம் கட்டிக்கொண்ட முறை. 1932-இல் லிவர்பூலுக்குப் பக்கத்தில் வாலஸி கிளப்பில் இதை நடத்திக் காட்டினார். அடிகளைக் கூட்டிக்கொண்டே போகாமல், ஒவ்வொரு குழிக்கும், அதாவது ஹோலுக்கும், புள்ளி. ஹேண்டிகேப்பைக் கழித்த பிறகு அந்த ஹோலுக்கென்று வைத்த அடிக்கணக்கில் முடித்தால் 2, ஒன்று கூடினால் 1, அதற்கு மேல் பூஜ்யம். ஒரு ஹோலில் நாசமாய்ப் போனாலும் பந்தைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்ததற்கு நடக்கலாம். என் மாதிரி ஆட்களுக்கு அவர் படம் மாட்டிக் கும்பிடலாம்.

அன்று எனக்கு என்னவோ எல்லாம் கூடிவந்தது. ஏழாவது ஹோலில் ஃபேர்வே என்கிற ஆட்டப் பாதையின் நடுவே தூங்குமூஞ்சி ஓணான் ஒன்று, சப்பை வாலோடு, வெயில் காய்ந்துகொண்டிருந்தது. என் பந்து அதற்கு ஒரு முழம் தள்ளி விழுந்தும் அது நகரவில்லை. பதினேழு ஹோல் முடிந்தபோது 31 புள்ளி. பெண்கள் சி கிரேடில், அதாவது ஹேண்டிகேப் அதிகமானவர்கள் பிரிவில், அது ஜெயிக்கிற எண் என்று பாட்டி சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பதினெட்டாவது ஹோலில் ஐந்தாவது அடியில் பந்தைக் கறுப்பு வட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டேன். இரண்டு தட்டில் முடித்தால் ஒரு புள்ளி. காசை வைத்தேன், பந்தை எடுத்தேன், பலகையை இழுத்தேன். இழுத்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் காசைக் காணோம். பலகை அதையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிருந்தது. கிளப் வராந்தாவில் பீரோடு உட்கார்ந்திருந்த கூட்டம் முழுக்கப் பார்க்கிறது. "தண்டனை இல்ல, லவ். இருந்த இடத்துல திரும்ப வை" என்றார் பாட்டி. விதியும் அதுதான். ஆனால் என் கை அதற்குள் வேறு யாருடையதோ ஆகிவிட்டது. மணலில் பந்து மெதுவாகத்தான் உருளும், துணிந்து தட்ட வேண்டும். காலையிலிருந்து பதினேழு ஹோலில் தெரிந்திருந்த விஷயம் பதினெட்டில் மறந்துபோய், தடவிக் கொடுத்தேன். ஒரு கை தூரம் குறைந்தது. அடுத்தது குழி விளிம்பில் நின்றது. மூன்றாவது விழுந்தது. புள்ளி பூஜ்யம்.

இன்னொரு பெண்ணும் 31. சமமானால் மறுபடி ஆடவைக்க மாட்டார்கள், கவுன்ட்பேக். கடைசி ஒன்பது ஹோலில் யாருக்கு அதிகம் என்று பார்ப்பார்கள்; அதுவும் சமமென்றால் கடைசி ஆறு, பிறகு மூன்று, பிறகு கடைசி ஹோல். அவருக்கு 16, எனக்கு 14. அவருக்கு ஹார்டுவேர் கடை வவுச்சர். எனக்கு மூன்று பந்து உள்ள ஒரு டப்பா.

வீட்டுக்காரர் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் இரண்டு டாலருக்கு ராஃபிள் என்கிற குலுக்கல் சீட்டு வாங்கி வைத்திருந்தார். முதல் பரிசு அவருக்கே விழுந்தது: மீட் ட்ரே. ஆட்டுக்கறி, சாஸேஜ், பன்றித் தொடை என்று ஐந்து கிலோவுக்குக் குறையாத ஒரு தட்டு, மேலே பிளாஸ்டிக் சுற்றியிருந்தது. பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத மனிதர் அதைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, எல்லாரும் கைதட்டத் தட்ட, என்னைப் பார்த்தார். "என்னங்க, வாங்கிட்டீங்கல்ல, சிரிங்க" என்றேன்.

அன்றிரவு பார்க்கில் பக்கத்து கேரவன் தம்பதிக்கு அந்தத் தட்டு போனது. பதிலுக்கு குவாண்டாங் ஜாம் ஒரு பாட்டில் வந்தது. அந்தப் பக்கத்துக் காட்டில் விளைகிற சிவப்புப் பழம், புளிப்பும் துவர்ப்புமாக இருக்கும். காலையில் இட்லிக்கு அதைத் தொட்டுச் சாப்பிட்டோம். அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும்.

ராத்திரிப் பனியில் கான்வாஸ் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. காயும்வரை நிற்க முடியாது, திங்கட்கிழமை கடை திறக்க வேண்டும். ஈரத்தோடே மடித்தோம். வீட்டுக்கு வந்து டிரைவ்வேயில் மறுபடி விரித்துக் காயப்போடாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். கிளம்பும்போது அவர் பெட்ஷீட்டைப் பிரித்து மெஷினை எடுத்தார். ஈரக் கான்வாஸ் எவ்வளவு கூடுதலாகக் கனக்கும் என்று பார்க்க வேண்டுமாம். வரும்போது 118, இப்போது 127. "ஒன்பது கிலோ தண்ணி மூக்குல மட்டும்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, காலி இடமாக இருக்கிறதே என்று, என் மூன்று பந்து டப்பாவை எடுத்துப் பின்பக்க டிராயரில் வைத்தார்.