ஏபி அமெரிக்க அரசாங்கத் தேர்வு: குடிமைச் சுதந்திரப் பாடத்தை நான் படித்த விதம்

ஏபி என்பது அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கான கல்லூரி நிலைப் பாட, தேர்வுத் திட்டம். அதில் அமெரிக்க அரசாங்கம் பாடத்தின் மூன்றாம் அலகு குடிமைச் சுதந்திரங்களையும் குடிமை உரிமைகளையும் பற்றியது. இதை எடுத்தவுடன் பலரும் வழக்குகளின் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். நானோ ஒவ்வொரு வழக்கின் ஓரத்திலும் இரண்டு செய்திகளை மட்டும் முதலில் குறித்துக்கொண்டேன்: அங்கே கட்டுப்படுத்தப்படுவது எந்த அரசு, அரசியலமைப்பின் எந்தக் கூறு அதைக் கட்டுப்படுத்துகிறது என்பவையே அவை.

1791இல் ஏற்கப்பட்ட உரிமைச் சாசனம், அதாவது அரசியலமைப்பின் முதல் பத்துத் திருத்தங்கள், கூட்டாட்சி அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று 1833இல் பேரன் எதிர் பால்டிமோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போருக்குப் பின், 1868இல் வந்த பதினான்காம் திருத்தம் மாநிலங்களையும் உரிய சட்ட நடைமுறைக்குக் கட்டுப்பட வைத்தது. அந்தக் கூறின் வழியாகத்தான் சாசனத்தின் உரிமைகள் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக மாநிலங்களின் மீதும் செல்லுபடியாயின. புளோரிடாச் சிறையிலிருந்து கிளாரன்ஸ் கிடியன் பென்சிலால் எழுதி அனுப்பிய மனு, 1963இல் வழக்கறிஞர் உதவி பெறும் உரிமையை இவ்வாறு மாநிலங்களுக்கும் கொண்டுசென்றது. துப்பாக்கி உரிமைக்கு 2008இல் ஹெல்லர், 2010இல் மெக்டொனால்டு என இரண்டு தீர்ப்புகள் ஏன் தேவைப்பட்டன என்பதும் இதனால் விளங்கும்: முதலாவது கூட்டாட்சிப் பகுதியான வாஷிங்டன் நகரைப் பற்றியது, இரண்டாவது இல்லினாய் மாநிலத்துச் சிகாகோவைப் பற்றியது. மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய கட்டாய வழக்குகளின் பட்டியலில் மெக்டொனால்டு இருப்பதற்குக் காரணமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

குடிமை உரிமைகளுக்கு அடித்தளம் அதே திருத்தத்தின் சமப் பாதுகாப்புக் கூறு. மாநிலப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற பிரவுன் வழக்கைப் படிப்பவர்கள், பட்டியலில் இல்லாவிட்டாலும், 1954 மே 17 அன்றே வெளியான போலிங் எதிர் ஷார்ப் தீர்ப்பையும் ஒருமுறை பார்க்க வேண்டும். தலைநகரின் பள்ளிகள் எந்த மாநிலத்திற்கும் உட்பட்டவை அல்ல என்பதால், அங்கே இனப் பிரிவினையை நீக்க நீதிமன்றம் கூட்டாட்சி அரசைக் கட்டுப்படுத்தும் ஐந்தாம் திருத்தத்தை நாட வேண்டியிருந்தது.

விரிவான விடைப் பகுதியின் மூன்றாவது வினா, ஒரு கட்டாய வழக்கை நாம் அறியாத வழக்கொன்றோடு ஒப்பிடச் சொல்கிறது. புதிய வழக்கின் விவரத்தை வினாத்தாளே தந்துவிடும். கட்டாய வழக்கின் விவரம் நம் நினைவிலிருந்துதான் வர வேண்டும். பொதுவான கூறு எது என்று முதலில் அடையாளம் காட்டிவிட்டால் விடையின் மற்ற பகுதிகள் எளிதாகும். அரசுப் பள்ளி வழிபாட்டைப் பற்றிய ஏங்கல் வழக்கும், மத நம்பிக்கையால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த பெற்றோரைப் பற்றிய யோடர் வழக்கும் மதம் சார்ந்தவையே என்றாலும், முன்னது அரசு மதத்தை நிறுவக் கூடாது என்ற கூறையும், பின்னது மதத்தைத் தடையின்றிப் பின்பற்றும் உரிமையையும் சார்ந்தது; மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. பழைய வழிகாட்டி நூல்களை வாங்கும்போதும் கவனம் தேவை, ஏனெனில் 2022இல் டாப்ஸ் தீர்ப்பு ரத்து செய்த, கருக்கலைப்பு உரிமை பற்றிய ரோ வழக்கு அவற்றில் இன்னும் கட்டாய வழக்காகவே இருக்கும்.

1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தைத் தனியாகப் படிக்க வேண்டும். பதினான்காம் திருத்தம் மாநிலங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது, தனியார் விடுதிகளை அல்ல. ஆகவே கறுப்பின மக்களுக்கு அறை தர மறுத்த அட்லாண்டா விடுதிக்கு எதிராக அதே ஆண்டில் அச்சட்டத்தை நிலைநிறுத்திய நீதிமன்றம், மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் அதிகாரத்தை ஆதாரமாகக் கொண்டது. அந்த அதிகாரத்திற்கு 1995இல் எல்லை வகுத்த லோபஸ் வழக்கு முதல் அலகில் வந்தாலும், அதை இந்த இடத்தில் மறுபடி படித்துவிடுவது நல்லது.