சாப்பாட்டுச் செலவு செல்லாது

2023-24ஆம் ஆண்டு வரிக்கணக்கைத் திருத்திக் கொடுப்பதற்காக நான் எழுதி அனுப்பிய செலவுப் பட்டியலில், பயண மைல்களும் துளையிடும் கருவியும் காப்பீட்டுத் தவணையும் அப்படியே நிற்க, 'மதியச் சாப்பாடு' என்ற வரி மட்டும் சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. கணக்குப் பார்ப்பவர் யாழ்ப்பாணத்து அக்கா. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக லண்டனில் இருப்பவர். தொலைபேசியில் கேட்டபோது, "தம்பி, சாப்பாடு இஞ்ச எடுபடாது, விடுங்கோ" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். உடம்பால் உழைக்கிறவனுக்குச் சாப்பாடு தொழில் செலவு இல்லையென்றால் வேறு எதுதான் தொழில் செலவு என்று அன்று இரவெல்லாம் எனக்குள் ஒரு பொருமல் ஓடிக்கொண்டே இருந்தது.

மனைவி செவிலியர் வேலைக்கான விசாவில் வர, அவரைச் சார்ந்தவனாக நான் வந்தேன். தூத்துக்குடியில் கட்டடங்களுக்கு மின்பணி மேற்பார்வை பார்த்தவன், தெற்கு லண்டனின் கிராய்டனில் வீடு எடுத்து, இங்குள்ள ஒப்பந்தக்காரர்களிடம் சப்-காண்ட்ராக்டராக வயரிங் வேலை செய்கிறேன். நம் ஊரில் தனிநபர் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 விழுக்காடு டி.டி.எஸ். பிடித்ததற்கே மூக்கால் அழுதவர்களை எனக்குத் தெரியும். இங்கே கட்டுமானத் தொழிலுக்கென்றே உள்ள சி.ஐ.எஸ். என்ற முறையில், பதிவு செய்துகொண்டவரின் கூலியில் 20 விழுக்காட்டையும், பதிவு செய்யாதவரின் கூலியில் 30 விழுக்காட்டையும் கையில் தருவதற்கு முன்பே பிடித்து வரித்துறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். நாம் வாங்கிப் போட்ட பொருள்களின் விலையில் கை வைப்பதில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். இப்படிப் பிடிக்கும்போது நம் செலவு எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. ஆண்டு முடிந்தபின் நாமே வரவையும் செலவையும் எழுதிக் கொடுத்துத்தான், அதிகமாகப் பிடித்ததைத் திரும்பப் பெற வேண்டும்.

அந்த ஆண்டுக்கான கணக்கை எனக்கு நிரப்பிக் கொடுத்தவர், வரவை மட்டும் போட்டுவிட்டு, செலவுக்கான கட்டங்களை வெறுமையாக விட்டிருந்தார். போனது போனதுதான் என்றே என்னோடு வேலை செய்கிறவர்களில் பலரும் சொன்னார்கள், ஆனால் சட்டம் அவ்வளவு கறாரானதல்ல. 2023-24க்கான கணக்கைக் கொடுக்கக் கடைசி நாள் 2025 ஜனவரி 31. அதிலிருந்து பன்னிரண்டு மாதம், அதாவது 2026 ஜனவரி 31 வரை, அதே கணக்கை இணையத்திலேயே திருத்த முடிந்தது. அதையும் தவறவிட்டவர்கள், அந்த வரி ஆண்டு முடிந்த நாளிலிருந்து நான்கு ஆண்டுக்குள், கூடுதலாகக் கட்டிய வரியைத் திருப்பித் தரும்படி தனியே எழுதிக் கேட்கலாம். செலவழித்த பணம் முழுவதும் கைக்கு வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்குத்தான் ஏமாற்றம் காத்திருக்கிறது. நூறு மைல் ஓட்டினால் மைலுக்கு 45 பென்ஸ் வீதம் 45 பவுண்டு லாபத்திலிருந்து கழியும். அதற்குரிய 20 விழுக்காட்டு வருமான வரியான 9 பவுண்டும், வரியோடு சேர்த்துக் கட்டும் தேசியக் காப்பீட்டுச் சந்தாவில் சிறிது பணமும்தான் நமக்கு மிஞ்சும்.

மைல் கணக்குக்கு வெறும் தொகை போதாது. எந்தத் தேதியில், எங்கிருந்து எங்கே, என்ன வேலைக்காகப் போனோம் என்ற விவரம் கையில் இருக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த துணிக்கடைப் பையில் போட்டு வைத்திருந்த ரசீதுகளை வரவேற்பறைத் தரையில் பரப்பியபோது, பாதிக்கு மேல் வெள்ளைத் தாளாகவே இருந்தன. சூடு காட்டி அச்சடிக்கிற அந்த வழவழப்புத் தாளில் எழுத்து ஓராண்டுகூடத் தாங்குவதில்லை. விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் கடையின் பெயர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது, விலை தெரியவில்லை. வங்கிக் கணக்கிலிருந்து தொகைகளை எடுத்துக்கொண்டேன். எந்த நாள் எந்த இடத்தில் இருந்தேன் என்பதற்குக் கைகொடுத்தவை, 'நாளை வோக்கிங் ஊரில், ஏழரைக்கு' என்று மேற்பார்வையாளர் ஒவ்வொரு மாலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த செய்திகள்தான். அவர் அன்று அதிகாரத்தோடு அனுப்பியவை இன்று எனக்குச் சாட்சிப் பத்திரங்களாக நின்றன என்பதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி உண்டு.

என்னைப் போல வீட்டையே தொழில் இடமாக வைத்துக்கொண்டு, இன்று ஒரு கட்டுமானத் தளம், அடுத்த மாதம் வேறொரு தளம் என்று போகிறவர்களுக்குப் பயணச் செலவு செல்லும் என்பது, ஈஸ்ட்போர்னில் வாழ்ந்த ஒரு செங்கல் கொத்தனார் நடத்திய வழக்கில் 1971இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. வாகனம் நிறுத்தும் கட்டணத்தையும் மைல் கணக்குக்கு மேலே தனியாகப் போடலாம். விதிமீறலுக்குக் கட்டிய அபராதத்தைப் போட முடியாது. நியாயந்தான்.

கொத்தனாருக்கு வாய்த்த அதிர்ஷ்டம் தச்சருக்கு வாய்க்கவில்லை. 1975இல் தீர்ப்பான வழக்கொன்றை அக்கா எனக்கு அனுப்பி வைத்தார். அந்தத் தச்சரும் சப்-காண்ட்ராக்டர், அவரும் தளம் தளமாகப் போனவர். வீட்டில் சாப்பிட்டால் மதிய உணவுக்கு 10 பென்ஸ் ஆகும், வேலைக்குப் போன இடத்தில் 40 பென்ஸ் ஆகிறது, ஆகவே கூடுதலான 30 பென்ஸை மட்டும் கழித்துக் கொடுங்கள் என்று கேட்டார். முழுச் சாப்பாட்டையும் கேட்காமல் வித்தியாசத்தை மட்டும் கேட்ட அந்த மனிதரின் நேர்மைக்கே அதைக் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி. நீதிபதி அப்படிப் பார்க்கவில்லை. மனிதன் உயிர் வாழ்வதற்காக உண்கிறானே தவிர வேலை செய்வதற்காக உண்பதில்லை என்றும், முழுக்க முழுக்கத் தொழிலுக்காக மட்டுமே ஆன செலவுக்கே வரிக்கழிவு என்றும் சொல்லி வழக்கைத் தள்ளினார். தொழில் நிமித்தம் வெளியூரில் இரவு தங்கினால் மட்டும், அங்கே சாப்பிடும் நியாயமான அளவு உணவு தொழில் செலவாகிவிடுகிறது. ஆக, என் சாப்பாட்டை இந்த அரசாங்கம் மதிக்க வேண்டுமானால் நான் வீட்டுக்கு வராமல் படுக்க வேண்டும். அப்படித் தங்கிய சில நாள்களில் நான் சாப்பிட்டது உப்பும் வினிகரும் தெளித்த மீன் வறுவலும் உருளைக்கிழங்கும். அதற்குக் கழிவு கிடைத்துவிட்டது. விடிகாலையில் எழுந்து வடித்து, தயிர் ஊற்றிப் பிசைந்து, எலுமிச்சை ஊறுகாயோடு நான் கட்டிக்கொண்டு போன சோற்றுக்குத்தான் கிடைக்கவில்லை.

நம் ஊரில் வீடு கட்டுகிறவர் வைத்திருக்கும் கணக்கு நோட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு அந்நியமானது என்று புரியும். சிமெண்ட் இத்தனை மூட்டை, மணல் ஒரு லோடு, கட்டுக் கம்பி, அதற்கு அடுத்த வரியில் டீ, வடை. எல்லாம் ஒரே பத்தியில் இருக்கும். கூட்டும்போது எல்லாம் சேர்த்துத்தான் கூட்டுவார்கள். தளம் போடும் நாளில் சொல்லவே வேண்டாம். கலவை இயந்திரம் நிற்காமல் ஓட, சட்டி கை மாறிக்கொண்டே இருக்க, மதியம் வீட்டுக்காரர் செலவில் எல்லோருக்கும் பிரியாணியோ இலைச் சாப்பாடோ வரும். கான்கிரீட்டுக்கு முன்பே குழாய் பதித்து முடித்துவிட்ட எங்களுக்கு அன்று பெரிதாக வேலை இருக்காது. ஆனாலும் எலக்ட்ரீஷியன் சாப்பிடாமல் போனால் வீட்டுக்காரம்மா விடமாட்டார். இங்கே தளத்தில் அவரவர் டப்பாவை அவரவர் திறந்து, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே அரை மணியில் முடித்துக்கொள்கிறோம். பக்கத்தில் இருப்பவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிற வழக்கத்தை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

இதெல்லாம் பழகிவிட்டது என்றுதான் மனைவியிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வரி ஆண்டு ஏப்ரல் 6இல் பிறக்கும் விந்தைகூடப் பழகிவிட்டது. ஆனால் அந்த வாரம் வந்தால், கணக்கை முடித்து வைப்பதற்கு முன்பே, சித்திரை ஒன்றுக்கு மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ எந்தக் கடையில் கிடைக்கும் என்று மனம் அலையத் தொடங்கிவிடுகிறது.

உடைக்கும் இதே கதிதான். இரும்பு முனை வைத்த காலணியும் ஒளிரும் மேற்சட்டையும் பாதுகாப்புக்கானவை என்பதால் செல்லும். உள்ளே போடும் கம்பளி பனியன் செல்லாது. நீதிமன்றத்துக்கென்றே வாங்கிய கறுப்பு உடைகளுக்குக் கழிவு கேட்டார் ஒரு பெண் வழக்குரைஞர். உடை குளிர் காக்கவும் மானம் காக்கவும்கூட உதவுகிறது, அது தொழிலுக்காக மட்டும் அல்ல என்று 1983இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவையே மறுத்துவிட்டது. தூத்துக்குடியில் மார்கழியிலும் மின்விசிறி போட்டுத் தூங்கியவன், கூரை மூடாத கட்டடத்தில் ஜனவரியில் நின்று வயர் இழுப்பதற்காக அல்லாமல் வேறு எதற்காகக் கம்பளி பனியன் வாங்கியிருப்பான் என்று அந்தப் பிரபுக்களிடம் கேட்க எனக்கு ஆசைதான்.

திருத்திய கணக்கை அனுப்பியாகிவிட்டது. ஆதாரங்களை 2030 ஜனவரி வரை பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி அக்கா எச்சரித்திருக்கிறார், மங்கிய ரசீதுகள் உட்பட. கையோடு மனைவியின் கணக்கையும் பார்த்தார். சீருடையை வீட்டிலேயே துவைக்கும் செவிலியருக்கு ஆண்டுக்கு 125 பவுண்டு நிலையான கழிவு உண்டு. அதையும் நான்கு ஆண்டு பின்னோக்கிக் கேட்கலாம். எவ்வளவு சோப்புத்தூள் வாங்கினீர்கள் என்று கேட்பதில்லை. இரவுப் பணி முடிந்து அவர் உறங்கும் நேரத்தில் அந்தச் சீருடைகளைத் துவைத்து உலர்த்தித் தேய்த்து வைப்பது நான். கழிவு அவர் பெயரில் வருகிறது.