பிரைவேட் பேங்கிங்காரர் என் பணத்தை நிர்வகிக்கிறார் என்று நினைத்திருந்தேன்

2022இல் செங்கல்பட்டு பக்கம் இருந்த குடும்ப மனையை விற்றோம். என் பங்காக 1.4 கோடி கணக்கில் ஏறிய மூன்றாவது நாளே வங்கியிலிருந்து போன். "சார், நீங்க இனிமே எங்க பிரைவேட் பேங்கிங் கஸ்டமர்." அதுவரை அதே கிளையில் டோக்கன் வாங்கிக்கொண்டு பாஸ்புக் பதிய நின்றவன் நான். இப்போது தனி அறை, ஃபில்டர் காபி, எனக்கென்று ஒரு ரிலேஷன்ஷிப் மேனேஜர்.

பையன் நல்ல பையன், அதைச் சொல்லியாக வேண்டும். அப்பா இறந்தபின் அவருடைய டிமேட் பங்குகளை அம்மா பெயருக்கு மாற்ற நான் எட்டு மாதமாக அலைந்துகொண்டிருந்தேன், அவர் ஆறே வாரத்தில் முடித்துக் கொடுத்தார். அந்த நன்றியிலேயே அவர் நீட்டிய படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். 60 லட்சம் ஐந்து ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டுகளுக்குப் போனது, அதில் மூன்று அந்த வங்கியின் குழுமத்தைச் சேர்ந்த ஃபண்ட் கம்பெனியுடையவை. கூடவே 50 லட்சத்துக்கு ஒரு பிஎம்எஸ் (நம் பணத்தை மட்டும் தனியாக முதலீடு செய்து நிர்வகிக்கும் சேவை), வருடத்துக்கு 10 லட்சம் கட்டும் யூலிப் (காப்பீடும் முதலீடும் கலந்த பாலிசி) என்று இரண்டு திட்டம் வைத்திருந்தார். பிஎம்எஸ்ஸில் குறைந்தபட்சமே 50 லட்சம்தான் என்பது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி, அதனால் "நீங்க எலிஜிபிள் சார்" என்று அவர் சொன்னது உண்மைதான், ஆனால் சொன்ன விதத்தில் எனக்கு ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

ஆடிட்டர்தான் தடுத்தார். "மனை விற்ற லாபத்துக்கு வரி இருக்கே, 54இசி பத்திரத்தில் 50 லட்சம் போடலாம்னு அவர் சொன்னாரா?" சொல்லவில்லை. விற்ற ஆறு மாதத்துக்குள் போட வேண்டும், ஐந்து வருடம் எடுக்க முடியாது, ஆனால் வரி மிச்சம். பிஎம்எஸ்ஸும் யூலிப்பும் அத்தோடு போயின.

அடுத்த வருடம் சந்தை கொஞ்சம் சரிந்தபோது, "இந்த ஃபண்டில் ஏன் இந்தப் பங்கை இன்னும் வைத்திருக்கிறீர்கள்?" என்று அவரிடமே கேட்டேன். "அது ஃபண்ட் மேனேஜர் முடிவு சார், ஏஎம்சி, அதாவது ஃபண்ட் கம்பெனி, மும்பைல இருக்கு, நாங்க அதுல தலையிட முடியாது" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர் பணத்தை நிர்வகிப்பவரே இல்லை, என்னை நிர்வகிப்பவர்! என் மகளின் காலேஜ் ஃபீஸ் எப்போது கட்ட வேண்டும், அம்மாவின் நாமினி யார், எனக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், எந்தப் பொருளை விற்கலாம், இதெல்லாம் இவர் வேலை. மும்பையில் இருப்பவருக்கு நான் இருப்பதே தெரியாது. லட்சக்கணக்கானோர் போட்ட பணம் அவருக்கு ஒரே தொகை, அதைத் திட்டத்தின் விதிப்படி முதலீடு செய்வதுதான் அவர் வேலை.

நம் ஊரில் மியூச்சுவல் ஃபண்டை வங்கி தானே நேரடியாக நடத்த முடியாது, தனிக் கம்பெனி வேண்டும். எஸ்பிஐயின் ஃபண்ட் நிறுவனத்தில் பிரான்ஸின் அமுண்டியும் பங்குதாரர். எச்டிஎஃப்சி ஏஎம்சி 2018 முதல் பங்குச்சந்தையில் தனியாகவே வர்த்தகமாகிறது. வெளிநாட்டில், யூபிஎஸ் வங்கி வாடிக்கையாளரைக் கவனிப்பது, ஃபண்டை நடத்துவது இரண்டையும் தனித்தனிப் பிரிவாக வைத்திருக்கிறது, ஜேபி மோர்கனோ ஒரே பிரிவுக்குள் வைத்திருக்கிறது. பெயர்ப்பலகையில் ஒரே பெயரைப் பார்த்துவிட்டு நாம்தான் குழம்புகிறோம்.

சரி, அப்படியானால் என் ரிலேஷன்ஷிப் மேனேஜருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? ஆறு மாதத்துக்கு ஒரு முறை மெயிலில் வரும் சிஏஎஸ் என்ற ஒருங்கிணைந்த ஸ்டேட்மெண்டை நான் அதுவரை திறந்ததே இல்லை. அதில் விநியோகஸ்தருக்கு, அதாவது ஃபண்டை விற்ற வங்கிக்கு, போன கமிஷன் ரூபாய்க் கணக்கில் இருக்கிறது, 2016இலிருந்தே செபி போடச் சொல்லியிருக்கிறது. என் அரை வருடக் கணக்கில் 27,000 சொச்சம். வருடத்துக்கு 54,000! ஃபில்டர் காபி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்த விலைக்கு இல்லை. அதே ஃபண்டுகளின் டைரக்ட் பிளான் 2013 ஜனவரியிலிருந்து இருக்கிறது. அதே மேனேஜர், அதே பங்குகள், கமிஷன் மட்டும் இல்லை.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. யூனிட்கள் டிமேட்டில் இல்லாமல் ஃபண்ட் கம்பெனியிலேயே உள்ள ஃபோலியோ கணக்கில் இருந்ததால் ஒவ்வொரு ஃபண்ட் கம்பெனி தளத்திலும் நானே சுவிட்ச் கொடுத்தேன். ஆனால் வரிக் கணக்கில் சுவிட்ச் என்றால் விற்று வாங்குவதுதான். ஒரு வருடம் தாண்டியிருந்ததால், சீக்கிரம் வெளியேறினால் பிடிக்கும் எக்சிட் லோடு இல்லை. பாதியை 2024 மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் மாற்றினேன், நீண்டகால லாபத்தில் அப்போது இருந்த 1 லட்சம் விலக்கு இரண்டு நிதியாண்டிலும் கிடைக்க வேண்டுமே. முதல் தடவை எந்த யூனிட் எப்போது வாங்கியது என்று பார்க்காமல் கொடுக்கப் போய், கடைசி நேரத்தில் ஆடிட்டர் மறுபடி தடுத்தார், அது வேறு கதை. ஆலோசனைக்கு, ஃபீஸ் மட்டும் வாங்கும் ஆலோசகர் ஒருவரை, பதிவு எண்ணை செபி தளத்தில் சரிபார்த்த பிறகே பிடித்தேன்.

ரிலேஷன்ஷிப் மேனேஜர் போன் செய்தார். "ஏதாவது தப்பு நடந்துச்சா சார்?" கமிஷன் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வங்கி மூலமா இருக்கிற முதலீடு குறைஞ்சா இந்த கேட்டகிரி போயிடும் சார்" என்றார்.

போய்விட்டது. லாக்கர் இன்னும் அங்கேதான் இருக்கிறது, போன வாரம் டோக்கன் எண் 47.